வார்சோவில் நான் விரித்த கட்டில்

பத்தொன்பது வருடங்களாக நான் ஹோட்டல் அறைகளில் கட்டில் விரிக்கிறேன். பாரிஸில், கார் டு நோர் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் நாலு மாடி ஹோட்டல் ஒன்று. லாச்சப்பலில் இருக்கிற எங்கள் வீட்டிலிருந்து நடந்தே போய்விடலாம். ஒரு நாளைக்குப் பதினைந்து கட்டில். கண்ணை மூடிக்கொண்டு விரிப்பேன். மூலை மடிப்பு கத்தி வைத்து வெட்டியது மாதிரி நிற்கும். ஆனால் அந்தப் பத்தொன்பது வருடத்தில் ஒரு இரவாவது நான் ஹோட்டல் கட்டிலில் படுத்ததில்லை. கேட்டால் சிரிப்பீர்கள், ஆனால் உண்மை.

எல்லாம் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து ஐரோப்பா முழுக்கப் பரவிய எங்கள் ஆட்களின் வழக்கத்தால் வந்தது. எங்களுக்கு ஊர் என்றால் அங்கே இருக்கிற சொந்தக்காரர் வீடு. லண்டன் என்றால் மச்சாள் வீடு, சூரிச் என்றால் சித்தப்பா வீடு, டோர்ட்மண்ட் என்றால் என் கணவருடைய அக்கா வீடு. போனால் ஹோலில் மெத்தை போட்டுப் படுப்போம். விடிந்ததும் படுக்கையைச் சுருட்டி வைத்து, பெட்டியைக் கதிரைக்குப் பின்னாலோ கட்டிலுக்குக் கீழேயோ தள்ளி, நாங்கள் வந்த சுவடே தெரியாமல் ஆக்கிவிட்டுத்தான் தேத்தண்ணி குடிப்போம். அப்படிப்பட்ட விருந்தாளியைத்தான் எங்கள் பக்கத்தில் நல்ல மனுசர் என்பார்கள். சொந்தக்காரர் இல்லாத ஊர் எங்கள் கணக்கில் ஊரே இல்லை. பாரிஸுக்கு வருகிற அத்தனை பேருக்கும் எங்கள் இரண்டறை வீடுதான் பாரிஸ்.

இப்படியிருக்க, எங்கள் கலியாணத்தின் இருபத்தைந்தாவது ஆண்டுக்கு மகள் ஒரு வேலை செய்தாள். போலந்தின் தலைநகர் வார்சோவுக்கு இரண்டு விமான டிக்கெட்டும் மூன்று இரவுக்கு ஹோட்டலும் போட்டுவிட்டு, தாளை எங்கள் முன்னால் வைத்தாள்.

என் கணவர் கேட்ட முதல் கேள்வி, "அங்கை ஆர் இருக்கினம்?"

"ஒருத்தரும் இல்லை அப்பா. அதுதான் வகான்ஸ்!" என்றாள் மகள். விடுமுறை என்றால் அதுதானாம்.

இவருக்கு நம்பிக்கை வரவில்லை. லாச்சப்பலில் பலசரக்குக் கடையில் வேலை செய்கிறவர். வெண்டிக்காய் நிறுக்கிற நேரமெல்லாம் வருகிறவர்களிடம் வார்சோவில் தெரிந்த ஆட்கள் உண்டா என்று விசாரித்துக்கொண்டிருந்தார். பாரிஸ் புறநகரான செவ்ரானிலிருந்து சாமான் வாங்க வருகிற ஒருவர்தான் தனக்கு வார்சோ தெரியும் என்றாராம். "அண்ணை, அந்தக் காலத்திலை களவாய்ப் பிரான்சுக்குக் கொண்டுவந்த ஏஜென்சிக்காரன் என்னை அங்கை ஒரு கிழமை வைச்சிருந்தவன். ஆனா அறையை விட்டு வெளியிலை விடேல்லை." வார்சோவைப் பற்றி லாச்சப்பலில் கிடைத்த தகவல் அவ்வளவுதான்.

எனக்கோ அந்தத் தாளைப் பார்த்த நாளிலிருந்து மனம் குதித்துக்கொண்டிருந்தது. மூன்று இரவு! யாருக்கும் சமைக்கத் தேவையில்லை, யார் வீட்டுப் பாத்திரத்தையும் கழுவத் தேவையில்லை.

புறப்படுவதற்கு முதல்நாள் எங்கள் ஹோட்டல் முதலாளி என்னைக் கூப்பிட்டார். எங்கள் கூவெர்னாந்த், அதாவது அறை துடைக்கிற பெண்களுக்கு மேலாக நின்று ஒவ்வொரு அறையையும் சரிபார்க்கிறவள், மாத முடிவில் ஓய்வு பெறுகிறாள். அந்த இடத்துக்கு நான் வருவேனா? செவ்வாய்க்கிழமை பதில் வேண்டும் என்றார்.

வீட்டுக்கு வந்து சொன்னதும் இவர் துள்ளினார். "எடுமப்பா! முழங்கால் நோகுது எண்டு ஒவ்வொரு நாளும் அனுங்கிறீர். இனிக் குனியத் தேவையில்லை."

"மாட்டன்" என்றேன்.

பிரெஞ்சில் அறிக்கை எழுத வேண்டுமே என்று அவருக்கு ஒரு சாட்டுச் சொன்னேன். அது மகள் திருத்தித் தந்தால் முடிகிற காரியம். உண்மையான காரணம் வேறு. எங்கள் கூவெர்னாந்த் கண்ணாடிச் சட்டத்தின் மேல் விரலை ஓட்டி, அந்தத் தூசியை எல்லோருக்கும் முன்னால் தூக்கிக் காட்டுகிறவள். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், யாரோ விட்டுப்போன ஒற்றைக் காலுறையைக் கட்டிலுக்குக் கீழே கவனிக்காமல் விட்டதற்கு, நடைபாதையில் நிற்க வைத்து அவள் என்னைக் கத்தின கத்து இன்னும் காதில் இருக்கிறது. துவாய் அடுக்கும் அறைக்குள் போய் நின்று அழுதேன். அந்தக் குரல் ஒருநாள் என் வாயிலிருந்தும் வந்துவிடுமோ என்பதுதான் என் பயம். கூட வேலை செய்கிறவர்கள் என்னைக் கண்டதும் பேச்சை நிறுத்தினால் என்னால் தாங்க ஏலாது. முழங்கால் நோவையாவது தைலம் பூசிச் சமாளிக்கலாம்.

ஆகவே வேண்டாம் என்று முடிவெடுத்து, அதை ஒரு பக்கம் தள்ளி வைத்துவிட்டுப் பெட்டி கட்டினேன். இவர் உள்ளே வைத்த ரைஸ் குக்கரை மகள் எடுத்து வெளியே வைத்தாள். பருத்தித்துறை வடையையும், தேங்காயும் மிளகாயும் வறுத்து இடித்த இடிசம்பலையும் மட்டும் உள்ளே விட்டாள்.

வார்சோவில் எங்கள் அறை இரண்டாம் மாடியில். கதவில் அட்டையை வைத்ததும் பச்சை விளக்கு எரிந்தது. பத்தொன்பது வருடத்தில் எத்தனை ஆயிரம் கதவைத் திறந்திருப்பேன்! ஆனால் எனக்காக எரிந்த பச்சை விளக்கு அதுதான் முதல். சப்பாத்தைக் கழற்றி எறிந்துவிட்டுக் கட்டிலில் பாய்ந்து விழுந்தேன். பிறகு என்னை அறியாமலே கை கண்ணாடிச் சட்டத்தின் மேல் போனது. ஒரு துளி தூசி இல்லை.

"வேலை தெரிஞ்சவள்" என்றேன்.

"வகான்ஸிலையும் செக் பண்ணுறீரே? அந்த வேலைக்கு முதலாளி உம்மைத் தேடினதிலை பிழையில்லை" என்றார் இவர். முறைத்துப் பார்த்தேன்.

முகம் கழுவிக்கொண்டு பழைய நகரத்துக்கு ஓடினோம். ஓடினோம் என்பது சும்மா சொல்லவில்லை. இவர் பின்னால் "மெல்ல, மெல்ல" என்று கத்திக்கொண்டு வந்தார். அந்தச் சதுக்கத்துக்குள் கால் வைத்ததும் நான் அப்படியே நின்றுவிட்டேன். மஞ்சள், பச்சை, செங்காவி நிறங்களில் ஒடுங்கிய உயர்ந்த வீடுகள், ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு நாலு பக்கமும். சுவர்களில் சித்திர வேலை, கதவுக்கு மேலே இரும்பில் செய்த பூக்கள், நடுவில் வாள் ஏந்திய கடற்கன்னி. என்ன வடிவு! எத்தனை நூறு வருசப் பழசு என்று வாயைப் பிளந்துகொண்டு சுற்றிச் சுற்றிப் பார்த்தேன்.

அப்போதுதான் ஒரு மூலையில் இருந்த பலகையைக் கண்டோம். கறுப்பு வெள்ளைப் படம். அதே சதுக்கம், ஆனால் வீடு ஒன்றும் இல்லை. கல்லும் செங்கலும் குவிந்து கிடக்க, நடுவில் ஒன்றிரண்டு சுவர்த் துண்டுகள். கீழே ஆங்கிலத்தில் எழுதியிருந்ததை இவர் எழுத்துக் கூட்டி வாசித்துச் சொன்னார். இரண்டாம் உலகப் போரில் இந்த நகரத்தை வேண்டுமென்றே இடித்துத் தரைமட்டம் ஆக்கினார்களாம். போர் முடிந்து திரும்பி வந்த சனம், பழைய ஓவியங்களைப் பார்த்தும், மாணவர்கள் முன்பே அளந்து கீறி ஒளித்து வைத்திருந்த படங்களைப் பார்த்தும், இருந்தது இருந்தபடி திரும்பக் கட்டினார்களாம்.

"அப்ப இது பழசில்லை" என்றார் இவர். "என்ரை அப்பாவை விட வயசு குறைவு. இவ்வளவு தூரம் வந்து டூப்ளிகேட்டைப் பாத்துக்கொண்டு நிக்கிறம்."

எனக்கு வந்ததே கோபம். "அப்ப யாழ்ப்பாணத்திலை எரிச்ச பிறகு திரும்பக் கட்டின எங்கடை நூலகமும் டூப்ளிகேட்டோ?"

அவர் படத்தையும் வீடுகளையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு போனை எடுத்துத் திரும்பக் கட்டின ஒரு வீட்டுச் சுவரைப் படம் பிடித்தார். மூன்று நாளும் டூப்ளிகேட் என்ற சொல்லை அவர் திரும்ப எடுக்கவே இல்லை.

எனக்கு அந்த நகரத்தின் மேல் ஒரு பித்தே பிடித்துவிட்டது. ஒவ்வொரு வீட்டையும் தொட்டுப் பார்த்தேன். கட்டினவர்களைப் பற்றிப் பலகையில் இருந்தது. ஆனால் அதற்கு முதல் அந்தக் குப்பையை யாராவது கூட்டி அள்ளியிருக்க வேண்டுமே? வாளியும் கையுமாக எத்தனை பெண்கள் நின்றிருப்பார்கள்! அவர்களை நினைக்க எனக்கு உடம்பு சிலிர்த்தது. பசி எடுத்ததும் பியரோகி என்று ஒன்று வாங்கித் தின்றோம். அச்சு அசல் எங்கள் கொழுக்கட்டைதான், உள்ளே உருளைக்கிழங்கு. இவர் பையிலிருந்து இடிசம்பலை எடுத்து அதன் மேல் தூவியதைப் பக்கத்து மேசைக்காரர் எட்டிப் பார்த்தார். அவருக்கும் கொஞ்சம் கொடுத்தோம். அவர் குடித்த தண்ணீருக்கு அளவில்லை.

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு முன்னமே வெளிக்கிட்டோம். இங்கேதான் நான் ஒரு வேலை செய்தேன். செய்தது எனக்கே தெரியாது; பழகின கை. கட்டிலை விரித்து மூலைகளை மடித்தேன். குளியலறையைத் துடைத்துக் காயவிட்டு, துவாய்களை மூன்றாக மடித்து வைத்தேன். குப்பையை ஒரு பையில் கட்டி வெளியே கொண்டுபோய்ப் போட்டேன். பற்தூரிகை முதல் சப்பாத்து வரை எல்லாவற்றையும் பெட்டிக்குள் அடுக்கி, பெட்டியைக் கட்டிலுக்குக் கீழே சுவரோடு முட்டத் தள்ளினேன். டோர்ட்மண்டில் இவருடைய அக்கா வீட்டில் எப்படியோ, அப்படி.

அன்று அரச மாளிகைக்குப் போனோம். அதையும் அடியோடு இடித்து, பின்னாளில் திரும்பக் கட்டியிருக்கிறார்கள். மாடத்தில் பொன் வேலை, கூரையில் ஓவியம். எல்லோரும் மேலே பார்த்தார்கள். நான் தரையைப் பார்த்தேன். மரத் துண்டுகளால் கோலம் மாதிரி இழைத்த தரை, முகம் பார்க்கலாம். எத்தனை பேர், என்ன மெழுகு, கிழமைக்கு எத்தனை தரம் என்று கேட்க எனக்கு நாக்கு துடித்தது. இவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். மூன்று மணியளவில் அவருக்குக் கால் உளைய, ஹோட்டலுக்குத் திரும்பினோம்.

கதவில் அட்டையை வைத்தோம். சிவப்பு விளக்கு. திருப்பி வைத்தோம், மறுபடி சிவப்பு. இவர் கதவைத் தட்டினார். பாதி முகத்தில் சவர நுரையோடு ஒரு நெட்டை மனிதர் கதவைத் திறந்தார்.

"சொறி, திஸ் அவர் ரூம்" என்றார் இவர்.

"மை ரூம்" என்றார் அவர்.

நான் இவருடைய கைக்குக் கீழால் எட்டிப் பார்த்தேன். நான் விரித்த கட்டிலில் ஒரு பெண் உட்கார்ந்து நகம் வெட்டிக்கொண்டிருந்தாள். எனக்கு அந்த இடத்திலேயே விளங்கிவிட்டது. நான் துடைத்து வைத்த வடிவைப் பார்த்து, மிச்ச இரவுகளை வேண்டாமென்று விட்டு நாங்கள் முன்னமே போய்விட்டோம் என்று நினைத்திருக்கிறார்கள். வெளியே ஆட்கள் காத்திருக்கிற சனிக்கிழமை. உடனே வேறு ஆட்களுக்குக் கொடுத்துவிட்டார்கள். எங்கள் பெட்டி அந்தப் பெண்ணின் காலுக்குக் கீழேயே கிடந்தது. இவர் முழந்தாளில் தவழ்ந்து அதை இழுத்தெடுத்தபோது அவள் வீரிட்டுக் கத்தினாள். நான் சிரித்த சிரிப்பில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

கீழே இறங்கியதும் அந்தச் சிரிப்பு நின்றது.

வரவேற்பு மேசைக்குப் பக்கத்தில், கறுப்புக் கோட் போட்ட ஒரு பெண், அந்த ஹோட்டலின் கூவெர்னாந்த், கையில் தாள்களோடு நின்று கத்திக்கொண்டிருந்தாள். அவளுக்கு முன்னால் இன்னொருத்தி, முப்பத்தைந்து வயதிருக்கும், கையில் தெளிப்புப் போத்தலோடு தலை குனிந்து நின்றாள். எங்கள் அறை காலி என்று எழுதிக் கொடுத்தவள் அவள்தான் என்று பார்த்ததும் தெரிந்தது. எனக்குப் போலிஷ் ஒரு சொல்லும் தெரியாது. ஆனாலும் கத்தினது முழுக்க எனக்கு விளங்கியது. கட்டிலுக்குக் கீழே பார்த்தாயா? முதல்நாளே சொல்லித் தரவில்லையா? இதுவரை எத்தனை தடவை?

நான் செய்த பிழைக்கு ஒருத்தி நின்று பேச்சு வாங்குகிறாள்.

"சொல்லுங்கோ, பிழை என்ரை எண்டு சொல்லுங்கோ" என்று இவரை உலுக்கினேன்.

"அவையின்ரை பிரச்சினை அது. எங்களுக்கு வேறை அறை தருகினமாம், பேசாமல் வாருமப்பா."

"சொல்லுங்கோ எண்டிறன்!"

இவர் தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொல்லிப் பார்த்தார். கறுப்புக் கோட்காரி தலையை ஆட்டிவிட்டுத் திரும்பவும் அவளிடம் போனாள். நான் இவருடைய போனைப் பறித்து, மொழி மாற்றுகிற செயலியைத் திறந்து பிரெஞ்சில் சொன்னேன். "நானும் பாரிஸில் இதே வேலைதான் செய்கிறேன், பத்தொன்பது வருடமாக. கட்டிலை விரித்தது நான், குளியலறையைத் துடைத்தது நான், குப்பையைக் கொண்டுபோனது நான், பெட்டியை ஒளித்தது நான். நானே அந்த அறைக்குள் வந்திருந்தாலும் ஆட்கள் போய்விட்டார்கள் என்றுதான் எழுதியிருப்பேன். தயவுசெய்து இதை அவளுடைய பெயரில் எழுத வேண்டாம்."

போன் அதைப் போலிஷில் சொன்னது. கறுப்புக் கோட்காரி முதல் தடவையாக என்னை நேரே பார்த்தாள். கிட்டத்தில் பார்க்க, காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடாத முகம். ஹோட்டல் நிறைந்த நாளில் மேலே இருந்து அவளுக்கும் யாரோ கத்தியிருப்பார்கள். பேனையை எடுத்துத் தாளில் எழுதியிருந்த ஒரு வரியை வெட்டினாள். பிறகு அந்தப் பெண்ணின் தோளில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு உள்ளே போனாள். நான் இத்தனை காலம் பயந்த குரல் பொல்லாத குரல் இல்லை, களைத்த குரல் என்று அப்போதுதான் கண்டேன்.

எங்களுக்குக் கிடைத்த புது அறை இன்னும் தயாராகவில்லை. அதே பெண்தான் விரிப்புகளோடு வந்தாள். அவள் ஒரு பக்கம் விரிப்பை உதற, நான் மறுபக்கம் போய்ப் பிடித்துக்கொண்டேன். வேண்டாம் வேண்டாம் என்று கையை ஆட்டினாள். நான் விடவில்லை. இரண்டு பேரும் எதிரும் புதிருமாக நின்று, ஒரு வார்த்தை இல்லாமல், மூன்று நிமிடத்தில் கட்டிலை முடித்தோம். என் மூலையை அவள் குனிந்து பார்த்தாள், அவளுடைய மூலையை நான் பார்த்தேன். இரண்டு பேரும் சிரித்துவிட்டோம். கதிரையில் இருந்த இவரிடம் பருத்தித்துறை வடையை எடுக்கச் சொன்னேன்.

வடையைக் கடித்துக்கொண்டு போனில் கதைத்தோம். அவள் உக்ரைனிலிருந்து வந்தவள். நாங்கள் பழைய நகரத்தைப் பார்த்ததைச் சொன்னேன். லீவு நாட்களில் தானும் அங்கே போவதாகச் சொன்னாள். வீடுகளைப் பார்ப்பதில்லையாம், அந்தப் பலகையில் இருக்கிற படத்தைத்தான் பார்ப்பாளாம். என் ஊர் இப்போது அந்தப் படம் போலத்தான் கிடக்கிறது, திரும்பக் கட்டலாம் என்று தெரிந்துகொள்ளத்தான் போய் நிற்கிறேன் என்றாள். போன் அதை எந்த உணர்ச்சியும் இல்லாத குரலில் பிரெஞ்சில் சொன்னது. அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டேன்.

அவள் மறுகையால் கட்டில் மூலையைத் தொட்டுக் காட்டி, போனில் ஏதோ சொன்னாள்.

"நீங்கள் அங்கே கூவெர்னாந்த்தா?" என்று கேட்டது போன்.

"உய்" என்றேன், பிரெஞ்சில் ஓம் என்று.

கதிரையில் இருந்த இவர் வடையை வாய்க்குக் கொண்டுபோன கையோடு அப்படியே உறைந்துபோனார்.

அவள் கொஞ்சம் யோசித்து இன்னொன்று கேட்டாள். "உங்களுக்குக் கீழே வேலை செய்கிற பெண்கள் உங்களுக்குப் பயப்படுகிறார்களா?"

"நோன்", இல்லை என்றேன். அதையும் யோசிக்காமல்தான் சொன்னேன். ஒருத்தரும் பயப்படுவதில்லை, பிழை வந்தால் நானும் கூட நின்று சரி செய்வேன் என்றேன். பொய் மேல் பொய்! ஆனால் சொல்லச் சொல்ல எனக்குள் ஒரு சந்தோசம் பொங்கிக்கொண்டு வந்தது. அவள் நெஞ்சில் கை வைத்துத் தலையை அசைத்துவிட்டு, மிச்ச வடையைத் தாளில் சுற்றி எடுத்துக்கொண்டு போனாள்.

மறுநாளும் அதற்கு அடுத்த நாளும் கட்டிலை அப்படியே கலைந்தபடி விட்டுவிட்டு வெளியே போனேன். அரை மணித்தியாலத்துக்குக் கை துறுதுறுத்தது. பிறகு அதையும் மறந்து, ஆற்றங்கரை, தேவாலயக் கோபுரம், சந்தை என்று இவரை இழுத்துக்கொண்டு திரிந்தேன்.

பாரிஸ் திரும்பி, செவ்வாய்க்கிழமை காலை முதலாளியின் அறைக்குப் போய் ஓம் என்றேன். அவர் ஆச்சரியப்பட்டார். வேண்டாம் என்று சொல்லுவேன் என்று கூட வேலை செய்கிறவர்கள் எல்லோரும் சொன்னார்களாம். என்ன நடந்தது என்று கேட்டார்.

"வார்சோவில் ஒருத்தியிடம் ஏற்கெனவே சொல்லிவிட்டேன், மிஸியூ" என்றேன். "அவள் என்னை நம்பிவிட்டாள்."